எறும்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வரை

உலகின் முதல் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக் கருவி எது தெரியுமா? எறும்பு!

கிண்டல் இல்லை. ஒருவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் அவருக்கு 'மதுமேகம்' (தேன் போன்ற சிறுநீர்) என்று நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கண்டுகொண்டார்கள். லேப் கிடையாது, ஊசி கிடையாது, ரிசல்ட்டுக்குச் சாயந்திரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முக்கியமாக, பில் கிடையாது!

'சுஸ்ருத சம்ஹிதை' இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த நோயில் இரண்டு ரகம் உண்டு என்கிறது அந்த நூல். பிறவியிலேயே வருவது ஒன்று. அந்த நோயாளிகள் மெலிந்து போயிருப்பார்கள். தப்பான சாப்பாட்டால் வருவது இன்னொன்று. இவர்கள் பருமனாக இருப்பார்கள், நிறையச் சாப்பிடுவார்கள், உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். இன்று டாக்டர்கள் 'டைப் 1', 'டைப் 2' என்று பிரிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே! சிகிச்சை? மூலிகைகள் ஒரு பக்கம் இருக்க, கையில் காசில்லாத நோயாளிக்கு சுஸ்ருதர் எழுதிக் கொடுக்கும் பிரிஸ்கிரிப்ஷன் இதுதான்: குடையில்லாமல், செருப்பில்லாமல் நூறு யோசனை தூரம் நட. மாடு மேய். கிணறு வெட்டு!

ஆக, உடம்பை வளைத்து வேலை செய்தால் இந்த நோய் அடங்கும் என்பது சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன பிரச்னை? எவ்வளவு அடங்கியது என்று எறும்புக்குச் சொல்லத் தெரியாது. அங்கேதான் நம் கதை தொடங்குகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் முதலில் அதை அளக்க வேண்டும். அந்த அளவுகோல் எறும்பிடமிருந்து வைத்தியரின் நாக்குக்குப் போய், அங்கிருந்து லேபுக்குப் போய், கடைசியில் நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்த கதை இது. அந்தக் கடைசிப் படியில்தான் பெரிய மல்லுக்கட்டே நடந்தது.

நாக்கா என்று முகம் சுளிக்காதீர்கள். 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் சாதாரண ஆள் இல்லை. மூளையைப் பற்றி ஆராய்ந்து பேர் வாங்கிய பெரிய டாக்டர். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீர் தேனும் சர்க்கரையும் கலந்தது போல அப்படி இனிக்கிறது என்று 1674-ல் வெளியான புத்தகத்தில் எழுதினார். எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? சிறுநீரைச் சுவைத்துப் பார்ப்பதும் அன்று டாக்டர் தொழிலில் ஓர் அங்கம். இன்றைய டாக்டர்களின் ஃபீஸைப் பற்றிப் புலம்பும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!

இனிக்கிறது, சரி. இனிப்பது சர்க்கரையேதானா, வேறு ஏதாவதா? அதற்கு விடை கிடைக்க இன்னும் நூறு வருடம் ஆனது. லிவர்பூல் நகரத்து டாக்டர் மாத்யூ டாப்ஸன், நோயாளியின் சிறுநீரை அடுப்பில் வைத்துப் பொறுமையாக வற்றக் காய்ச்சினார். அடியில் வெள்ளையாக ஒரு கட்டி மிஞ்சியது. மோந்து பார்த்தார், வாயில் போட்டுப் பார்த்தார். சர்க்கரை! டாப்ஸன் அத்தோடு விடவில்லை. அந்த நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரும் இனிப்பதைக் கண்டார். 1776-ல் இதை அச்சில் வெளியிட்டார். அதாவது, கோளாறு சிறுநீரகத்தில் மட்டும் இல்லை. சர்க்கரை முதலில் ரத்தத்தில் ஏறுகிறது, அப்புறம்தான் சிறுநீரில் இறங்குகிறது. மிகப் பெரிய கண்டுபிடிப்பு! ஆனால் ரத்தத்தில் ஏறுவதை எளிதாக அளக்க வழியில்லாததால், இன்னும் இருநூறு வருடம் எல்லோரும் இறங்குவதையே அளந்துகொண்டிருந்தார்கள்.

அதிலும் ஒருவர் அசாத்தியமாக அளந்தார். பாரிஸ் நகரத்து டாக்டர் அப்போலினேர் பூஷார்தா. 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸை வளைத்துக்கொண்டது. நான்கு மாதத்துக்கு மேல் முற்றுகை. நகரத்துக்குள் ஒரு மூட்டை மாவு வர முடியவில்லை. குதிரைகளை வெட்டித் தின்றார்கள். பிறகு பூனை, எலி. கடைசியில் மிருகக்காட்சிசாலையில் ஊரே செல்லம் கொஞ்சிய இரண்டு யானைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊரே பசியில் துடித்த அந்தக் குளிர்காலத்தில் பூஷார்தா ஒரு விநோதத்தைக் கவனித்தார். அவருடைய சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது; சிலருக்கு அடியோடு மறைந்தே போனது!

பஞ்சத்தில் ஒரு பாடம்! 'முடிந்தவரை குறைவாகச் சாப்பிடு, வியர்க்க வியர்க்க உழை' என்பதுதான் அவர் நோயாளிகளுக்குச் சொன்ன சாரம். சுஸ்ருதர் வெட்டச் சொன்ன கிணறு ஞாபகத்துக்கு வருகிறதா? பூஷார்தா இன்னொன்றும் சொன்னார். சிறுநீரைத் தினமும் நீயே பரிசோதித்துப் பார் என்றார். எதைச் சாப்பிட்டால் சர்க்கரை வருகிறது, எதை விட்டால் போகிறது என்று நோயாளியே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அளவுகோலை நோயாளி கையில் கொடுக்க நினைத்த முதல் சில டாக்டர்களில் அவரும் ஒருவர்.

1922-ல் இன்சுலின் வந்தது. செத்துக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அது தனிக் காவியம். நம் கதைக்குத் தேவையானது அதற்குப் பின்னால் நடந்தது. எல்லா நோயாளிக்கும் இன்சுலின் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. லண்டன் டாக்டர் ஹரோல்டு ஹிம்ஸ்வொர்த் 1936-ல் இதை விளக்கினார். ஒரு ரகம், இன்சுலின் இல்லாததால் வருவது. இன்னொரு ரகம், இன்சுலின் கொடுத்தாலும் உடம்பு அதை மதிக்காததால் வருவது. கதவைத் தட்டுகிறார்கள், உள்ளே இருப்பவர் காதில் விழவில்லை. அவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டாவது ரகம்தான் நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் டைப் 2.

அறுபது வயதைத் தாண்டிய வாசகர்கள் சிலருக்கு அந்த நீல நிறக் கரைசல் நினைவிருக்கும். பெனடிக்ட் கரைசல். 1908-ல் அமெரிக்க வேதியியல் நிபுணர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கியது. சோதனைக் குழாயில் 5 மில்லி கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கீழே விளக்கு. நீலமாகவே இருந்தால் சந்தோஷம். பச்சை என்றால் லேசாக உதைக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று போனால் வயிற்றில் புளி கரையும். செங்கல் சிவப்பு வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் அப்பாவிடம் பேச மாட்டார்கள்!

இதில் ஒரு பெரிய ஓட்டை. மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நிரம்பி வழிந்தால்தான் குழாயில் தண்ணீர் கொட்டும். கால் தொட்டியா, முக்கால் தொட்டியா என்று அந்தக் குழாய் சொல்லாது. நம் சிறுநீரகமும் அப்படித்தான். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமாராக 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். 170-ல் நின்றால்? நீலம்! 'எனக்கு ஒன்றுமே இல்லை' என்று லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய் மயக்கம் வரும் நிலையா? அப்போதும் நீலம்தான்!

ரத்தத்தை நேரடியாக அளக்க வேண்டும். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பெனி ஒரு காகிதப் பட்டையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, சரியாக ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் மாறுமே? அதற்காகவே நிறத்தைப் படித்து எண்ணாகச் சொல்லும் ஒரு மெஷினும் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. விலை சில நூறு டாலர். ஆனால் ஒரு நிபந்தனை: டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் விற்பார்கள். நோயாளி கேட்டால் கிடையாது!

இந்த இடத்தில் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்ற நியூயார்க் இன்ஜினீயர் மேடை ஏறுகிறார். அவருக்கு இருந்தது டைப் 1. 12 வயதில் வந்தது. முப்பதுகளின் நடுவிலேயே உடம்பில் ஒவ்வொரு பாகமாகக் கழன்றுகொண்டிருந்தது. சிறுநீரகத்தில் பழுது தெரிய ஆரம்பித்துவிட்டது. 1969-ல் ஒரு லேப் பத்திரிகையில் அந்த மெஷினின் விளம்பரத்தைப் பார்த்தார். ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படும் ஆள் குடித்துவிட்டுக் கிடக்கிறாரா, சர்க்கரைக் கோளாறால் மயங்கிக் கிடக்கிறாரா என்று சட்டென்று கண்டுபிடிக்க உதவும் என்று விளம்பரம் சொன்னது. பெர்ன்ஸ்டைனுக்குப் பொறி தட்டியது. ராத்திரி மயங்கிக் கிடப்பவனுக்கு உதவும் என்றால், பகலில் நடமாடும் எனக்கு ஏன் உதவாது?

வாங்கப் போனால், விற்க மாட்டோம் என்றார்கள். அவருடைய மனைவி ஒரு டாக்டர். மனைவி பெயரில் ஆர்டர் போட்டார்! மெஷின் வீட்டுக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை விரலைக் குத்தி அளந்து, நோட்டில் எழுதினார். இன்ஜினீயர் புத்தி இல்லையா? எது உள்ளே போனால் எண் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கணக்குப் போட்டார். சாப்பாட்டை மாற்றினார், ஊசி போடும் நேரத்தை மாற்றினார். சில வருடங்களில் உடம்பு தேற ஆரம்பித்தது.

கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்று கட்டுரை எழுதி மருத்துவப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. நோயாளி தானே சர்க்கரையை அளப்பதாவது! அந்த ஆள் டாக்டரே இல்லை, இன்ஜினீயர்! பெர்ன்ஸ்டைன் என்ன செய்தார் தெரியுமா? டாக்டர் சொன்னால்தானே கேட்பீர்கள், இருங்கள் என்று 45 வயதில் மெடிக்கல் காலேஜில் முதல் வருடம் சேர்ந்தார். படித்து முடித்து 1983-ல் டாக்டர் ஆனார். சிறு வயதிலேயே போய்விடுவார் என்று நினைத்த அந்த மனிதர் 2025-ல், தன் 90-வது வயதில்தான் காலமானார். 1980-களில் வீட்டு மெஷின்கள் சகஜமாகி, இன்று சட்டைப் பையில் அடங்கும் குளுக்கோமீட்டர் மருந்துக் கடையில் கிடைக்கிறது என்றால், அவரைப் போன்ற பிடிவாதக்காரர்களுக்கும் அதில் பங்குண்டு.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய டாக்டர்கள் வெறும் கர்வத்தால் மட்டும் மறுக்கவில்லை. டைப் 2 நோயாளிக்குச் சர்க்கரையைக் கறாராகக் குறைத்தால் நல்லது என்று அதுவரை யாரும் நிரூபிக்கவில்லை! சொல்லப்போனால், 1970-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சர்க்கரையைக் குறைக்கும் ஒரு மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் இதய நோயால் இறந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். 'வயதானால் சர்க்கரை கொஞ்சம் ஏறத்தான் செய்யும், விடுங்கள்' என்று சொன்ன டாக்டர்கள் உண்டு.

சண்டையைத் தீர்க்க இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று, ஏமாற்ற முடியாத ஓர் அளவுகோல். அது டெஹ்ரானிலிருந்து வந்தது. 1968-ல் ஈரானிய விஞ்ஞானி சாமுவேல் ராபர், ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் ஒரு வகை அதிகமாக இருப்பதைக் கண்டார். சர்க்கரை ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின்! ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிர் வாழும். அத்தனை நாளும் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ, அதற்கேற்ப அதன் மேல் படியும். அதுதான் இன்று உங்கள் ரிப்போர்ட்டில் வரும் 'ஹெச்.பி.ஏ.1.சி'. மூன்று மாத டைரி! டாக்டரைப் பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மட்டும் கேழ்வரகுக் கூழும் வெண்டைக்காயுமாக விரதம் இருந்து 'நல்ல ரிசல்ட்' வாங்கும் நம் ஆட்களின் ஜம்பம் இதனிடம் பலிக்காது. தீபாவளி அதிரசம் கார்த்திகை முடியும்போதுகூடக் காட்டிக்கொடுத்துவிடும்!

இரண்டாவது தேவை, பொறுமை. ஆக்ஸ்போர்டு டாக்டர் ராபர்ட் டர்னரிடம் அது இருந்தது. 1977-ல் பிரிட்டனில் அவர் தொடங்கிய ஆய்வில், புதிதாக டைப் 2 கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் ஓடியது. 1998-ல் முடிவு வெளியானது. கறாராகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களின் ஹெச்.பி.ஏ.1.சி. சராசரி 7.0. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 7.9. வித்தியாசம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுவது 25 சதவிகிதம் குறைந்திருந்தது! அதே ஆய்வில், ரத்த அழுத்தத்தைக் கறாராகக் குறைத்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவிகிதம் குறைந்தது. சர்க்கரையை மட்டும் பார்த்து பி.பி.யை மறப்பவர்கள் கவனிக்க!

சண்டைக்கு முடிவு கட்டிய டர்னர் அந்தப் புகழை அனுபவிக்க அதிக நாள் இல்லை. அடுத்த வருடமே, 60 வயதில், பக்கவாதத்தில் இறந்துபோனார். ஆனால் அவருடைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2008-ல் இன்னொரு ஆச்சரியம். ஆய்வு முடிந்ததும் இரண்டு அணிகளின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பத்து வருடம் கழித்து, ஆரம்பத்தில் கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கே மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. முதல் சில வருடங்களில் போட்ட டெபாசிட்டுக்கு உடம்பு பிற்காலத்தில் வட்டி தருகிறது!

அப்படியானால் இன்னும் இறுக்கிப் பிடித்தால் இன்னும் நல்லதுதானே? அங்கேயும் வரலாறு ஒரு குட்டு வைத்தது. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முக்கியப் பகுதியை நடுவிலேயே நிறுத்தினார்கள். சராசரி வயது 62. ஏற்கெனவே இதயக் கோளாறோ அதற்கான ஆபத்தோ இருந்தவர்கள். அவர்களுக்கு ஹெச்.பி.ஏ.1.சி.யை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற அணியில் 257 பேர் இறந்திருந்தார்கள். சாதாரணக் கட்டுப்பாட்டு அணியில் 203 பேர். ஆகவேதான் இன்று நல்ல டாக்டர்கள் பலருக்கு 7-க்குக் கீழே என்றும், பல நோய்களோடு இருக்கும் முதியவருக்கு 8 வரைகூடப் பரவாயில்லை என்றும் ஆளைப் பார்த்து எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். 'பக்கத்து வீட்டுக்காரருக்கு 6, உங்களுக்கு மட்டும் ஏன் 7.5?' என்று எண்பது வயது அப்பாவை விரட்டாதீர்கள். அந்த வயதில் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கி அவர் பாத்ரூமில் விழுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-லேயே சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கினார்.  2006-ல் சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியம். சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவிகிதம் பேர் நோயாளி ஆனார்கள். நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39 சதவிகிதம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி!

பூஷார்தாவின் பாரிஸ் முற்றுகையை மறந்துவிட்டீர்களா? 2017-ல் பிரிட்டனில் அதை டாக்டர்கள் மேற்பார்வையில் மறுபடி நடத்திப் பார்த்தார்கள் என்றே சொல்லலாம். டைப் 2 வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாத, பருமனான, இன்சுலின் போடாத நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம், நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும். ஒரு வருடம் கழித்து 46 சதவிகிதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 86 சதவிகிதம் பேருக்கு! எடை திரும்பினால் நோயும் திரும்பலாம் என்பது வேறு விஷயம். டாக்டரைக் கேட்காமல் வீட்டிலேயே இந்தப் பட்டினியில் இறங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அது விபரீதமாகிவிடும்.

வேறொன்று செய்யலாம். உங்கள் பீரோவிலோ டி.வி. ஸ்டாண்ட் டிராயரிலோ மகனோ மகளோ வாங்கிக் கொடுத்த மீட்டர் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். 'எதற்கு வம்பு, பார்த்தால் கவலைதான்' என்று மூடி வைத்திருப்பீர்கள். முதலில் ஸ்ட்ரிப் காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஒரு நாள் காலை டிபனுக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். இன்னொரு நாள் அதே நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், பிறகு பதினைந்து நிமிட நடை. மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நோட்டை அடுத்த முறை டாக்டரிடம் கொண்டு போங்கள்.

அந்த நோட்டை எழுதும் உரிமைக்காகத்தான் ஒருவர் 45 வயதில் காலேஜுக்குப் போனார்.